தொண்ணூறு கிலோவுக்குப் பத்தியம்

என் கடைக்குச் சாப்பிட வருகிறவர்களில் யாருடைய அப்பாவுக்காவது அம்மாவுக்காவது முழங்கால் மாற்று அறுவை என்று முடிவானால் நேரே என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். "அண்ணே, ரொம்ப வலிக்குமா? எப்ப நடக்கலாம்?" நான் லுங்கியைக் கொஞ்சம் தூக்கித் தழும்பைக் காட்டுவேன். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். மற்றவர்களுக்கு நேராக ஒரு கோடு மாதிரி இருக்கும் தழும்பு எனக்கு நடுவில் குழிந்து, தோல் சுருங்கி, கருகின அப்பளம் மாதிரி இருக்கிறது. "இது ஏன்ணே இப்படி ஆச்சு?" என்று அடுத்த கேள்வி வரும். "அது பெரிய கதை தம்பி, தோசை ஆறுது" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விடுவேன். அந்தக் கதையை எழுதி வைத்துவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான் தேவகோட்டைப் பக்கத்து ஆள். கல்யாணச் சமையல் கோஷ்டியில் கரண்டி பிடிக்கப் பழகி, சைகோனில் ஓர் இந்திய ஓட்டலுக்குச் சமையல்காரனாக வந்தேன். இப்போது த்ருவோங் டின் தெருவில், மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், சந்துக்குள் சொந்தமாக மெஸ் வைத்திருக்கிறேன். மனைவி லான் இந்த ஊர்க்காரி. கல்லாவில் உட்காருவதும் பரிமாறுவதும் அவள்தான். "ஒரு பொடி தோசை, ரெண்டு முட்டை தோசை, கல்லு நல்லா காயட்டும்!" என்று அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தால், தூ டுக் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் புதிதாக வந்த நம்மூர்க் கம்ப்யூட்டர்ப் பையன்கள் ஆவென்று பார்ப்பார்கள். எங்கள் இருவருக்குள் பேச்சு பெரும்பாலும் வியட்நாமிய மொழியில்தான். கோபம் வந்தால் மட்டும் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள், எனக்குப் புரியவில்லை என்று சாக்குச் சொல்ல இடம் கொடுக்காமல்.

காலமெல்லாம் அடுப்படியில் நின்ற கால். மேலே தொண்ணூறு கிலோவுக்கு மேல் பாரம். வலது முழங்காலில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய மெத்தை தேய்ந்துபோய், எலும்பும் எலும்பும் உரசுகிறது என்று எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னார்கள். தேய்ந்த நுனிகளைச் சீவி எடுத்துவிட்டு உலோக மூடி மாட்டுவார்கள், நடுவில் பிளாஸ்டிக் தட்டு ஒன்று வைப்பார்கள், மேலே சதையையும் தோலையும் தைத்துவிடுவார்கள். மூட்டு மாற்று என்றால் அவ்வளவுதான். அதற்கு முன்னால் எடையைக் குறைத்துக்கொண்டு வா என்றார்கள். நான் என்ன செய்தேன், காலையிலும் கஞ்சி, ராத்திரியும் கஞ்சி என்று ஆரம்பித்தேன். ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவன் கஞ்சி குடிக்கிறேன் என்று எனக்கே கொஞ்சம் பெருமை.

அறுவை நன்றாகவே நடந்தது. மறுநாளே பிடித்து நிறுத்தி நடக்க வைத்தார்கள். அம்மா, அப்பா, மாரியாத்தா என்று எல்லோரையும் கூப்பிட்டேன். லான் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள். இங்கே பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான், நோயாளிக்கு ஒரு ஆள் கூட இருந்து கழுவிவிட வேண்டும், உடுத்திவிட வேண்டும், வெளியிலிருந்து சாப்பாடும் கொண்டுவர வேண்டும். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. வினை என்றால் வேறொன்றுமில்லை, என்மேல் பிரியம் வைத்த இரண்டு பெண்கள்.

ஒருத்தி லான். அவர்கள் வழக்கத்தில் தையல் போட்ட உடம்புக்குக் கோழி ஆகாது, அரிக்கும். மாட்டிறைச்சி தின்றால் தழும்பு கறுக்கும். முட்டை தின்றால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். ஒட்டரிசி சீழ் வைக்கும். இறால், நண்டு பேச்சே எடுக்கக் கூடாது. இன்னொருத்தி என் அக்கா. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள், தேவகோட்டையில் இருக்கிறாள். தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். "பருப்பு தொடாதடா அப்பு, சீழ் பிடிச்சுக்கிரும். கத்தரிக்காய் கரப்பான். தயிரு வேணாம். உருளைக்கிழங்கு வாயு. மீனு, கருவாடு கிட்டயே போகக் கூடாது. முட்டை சூடு, ஞாபகம் வச்சுக்க."

அக்காவும் லானும் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை. நான் லானைக் கட்டிக்கொண்டபோது அக்கா இரண்டு வருஷம் என்னோடும் பேசவில்லை. அப்புறம் மனசு இறங்கி என்னோடு பேசினாளே தவிர, "அவ எப்படியிருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்பதோடு சரி. இவள் சொல்வதை மறுத்தால் இவளுக்கு வருத்தம், அவள் சொல்வதை மறுத்தால் அவளுக்கு அழுகை. இருதலைக் கொள்ளி எறும்பாக நடுவில் கிடந்த நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டேன். அவள் விலக்கியதையும் இவள் விலக்கியதையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? கஞ்சி, உப்பு, கொஞ்சம் பூசணிக்காய். அதைத்தான் தின்றேன். மறுபரிசோதனைக்குப் போனபோது "நல்லாச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்ட நர்ஸிடம், என் வயிற்றைத் தட்டிக்காட்டி, "பார்த்தா தெரியலையா?" என்று சிரித்தேன்.

தையல் பிரித்த சில நாளில் லுங்கி ஈரமானது. முதலில் வியர்வை என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பு. தையல் போட்ட இடத்தில் நடுவில் வாய் பிளந்து, ஓரம் கறுத்துப்போய், மஞ்சளாக நீர் கசிந்தது. பயந்துவிட்டேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பழைய துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு, தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். இரண்டு பேரும் இத்தனை சொல்லிச் சொல்லிப் பார்த்தும் இப்படி ஆகிவிட்டதே, நான்தான் ஏதோ தப்பாகப் புரண்டு படுத்துவிட்டேன் போல என்று ஒரு கூச்சம்.

பிறகு வாடை வந்தது. நான் கல்லாவில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், தூ டுக் பையன் ஒருவன் காசு கொடுக்க வந்தவன் மூக்கைச் சுருக்கி, "அண்ணே, இன்னைக்கு மெனுவில கருவாடா?" என்று ஆசையாகக் கேட்டான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. "நாளைக்குடா" என்றேன். அன்று சாயங்காலம் லுங்கிக்குள் பவுடரைக் கொட்டிக்கொண்டேன். பவுடரும் சீழும் சேர்ந்து வந்த வாடையை நான் இப்போதும் மறக்கவில்லை.

லான் படுக்கை விரிப்பைத் துவைக்க எடுத்தபோது பார்த்துவிட்டாள். திட்டவில்லை. மூக்கையும் பொத்தவில்லை. வெந்நீர் வைத்து என் காலைத் துடைத்து, சுத்தமான துண்டைச் சுற்றி, கடையைப் பூட்டிவிட்டு டாக்ஸி கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் மறுபடியும் அதே வார்டு. முழங்காலுக்குள் பெரிய ஊசியைச் செலுத்தி உள்ளே இருக்கும் நீரை எடுத்தார்கள். கிருமி தோலோடு நிற்கிறதா, உள்ளே உலோகம் வரை போய்விட்டதா என்று பார்க்க அந்தச் சோதனை. உலோகத்தில் கிருமி ஒட்டிக்கொண்டால் மருந்தால் அதை அசைக்க முடியாதாம். மாட்டிய மூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மருந்து கலந்த சிமென்ட்டை அந்த இடத்தில் அடைத்து, மாதக் கணக்கில் படுக்க வைத்து, பிறகு மறுபடியும் முதலிலிருந்து. அதுவும் ஆறினால்தான். ஆறாவிட்டால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார். அடுப்புக்கு முன்னால் இனி நிற்கவே முடியாது என்று நானாக அதை முடித்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் அக்கா கூப்பிட்டாள். என் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. லான்தான் போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். எப்போதும் அவள்தான் பிடிப்பாள். திரையில் அவள் தெரியமாட்டாள்.

"ஆத்தாடி, என்னடா இது! மறுபடியும் படுத்துக் கிடக்க? புண்ணு ஏன்டா சீழ் வச்சுச்சு?"

"தெரியலக்கா."

"தெரியலைன்னா? நான் சொன்னதையெல்லாம் கேட்டியா இல்லையா? உண்மையச் சொல்லு. முட்டை கொடுத்தாளா அவ?"

கொடுக்கவில்லை என்று சொன்னால், அப்புறம் என்னத்தைத் தின்றாய், ஏன் இப்படி ஆச்சு, எப்போதிலிருந்து கசிகிறது, எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று ஒவ்வொன்றாக வரும். கொடுத்தாள் என்று சொன்னால் அத்தோடு முடிந்துவிடும். எனக்கு அப்போது முடிந்தால் போதும் என்றிருந்தது.

"ம்... ஒண்ணு ரெண்டு கொடுத்தா" என்றேன்.

"நெனச்சேன்! நான் அப்பவே நெனச்சேன்!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியைச் சுமக்கிறவள் என் முகத்துக்கு முன்னாலேயே போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நாளைக்கு நூறு தடவை "முட்டை தோசை" என்று கத்துகிறவளுக்கு அந்த வார்த்தை தெரியாது என்று நினைக்க நான் ஒன்றும் முட்டாள் இல்லை. தெரிந்துதான் சொன்னேன். போன் கொஞ்சம்கூட அசையவில்லை. அக்கா பேசி முடிக்கும்வரை பிடித்திருந்துவிட்டு, அணைத்து, என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூத்திரப் பையைக் காலி செய்யப் போனாள்.

மறுநாள் ரத்தச் சோதனை முடிவோடு டாக்டரம்மா வந்தார். மூட்டுக்குள்ளிருந்து எடுத்த நீரில் இதுவரை கிருமி இல்லை, தப்பித்தீர்கள் என்றார். ஆனால் ரத்தத்தில் அல்புமின் தரைமட்டத்துக்கு இறங்கிக் கிடக்கிறதாம். அது சாப்பாட்டிலிருக்கும் புரதத்தைக் கொண்டு உடம்பு செய்துகொள்கிற சத்து. "உடம்புல கொழுப்பு நிறைய இருக்கு. ஆனா வீடு கட்டச் செங்கல் இல்ல. வெட்டின இடத்தை எதை வச்சுக் கட்டும்? இதுக்குப் பேரு ஊட்டச்சத்துக் குறைவு" என்று வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். பக்கத்துக் கட்டிலில் பின் யுவோங் என்கிற ஊர்ப்பக்கம் பஸ் ஓட்டிய பெரியவர் ஒருவர் இடுப்பு உடைந்து படுத்திருந்தார். அவர் என் வயிற்றைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், பிறகு போர்வையை முகத்தில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இவர் என்ன வேலை பார்க்கிறார்?" என்று டாக்டரம்மா கேட்டார். "சாப்பாட்டுக் கடை" என்றாள் லான். வார்டு முழுக்கச் சிரித்தது. மானம் போனது போனதுதான்.

"இவருக்கு யார் சமைச்சுக் கொடுக்கிறது?"

"நான்தான்" என்றாள் லான்.

டாக்டரம்மா அவளைப் பிடித்துக்கொண்டார். இந்தக் காலத்திலும் கோழி ஆகாது, முட்டை ஆகாது என்று பட்டினி போடுகிறீர்களே, படித்தவர்தானே நீங்கள், இவருக்குக் கால் போனால் யார் பொறுப்பு என்று வெளுத்து வாங்கிவிட்டார். பருப்பையும் தயிரையும் மீனையும் விலக்கியது அவள் இல்லை, என் அக்கா. இரண்டையும் சேர்த்துக் கழித்தது நான். நல்லாச் சாப்பிடுகிறேன் என்று நர்ஸிடம் பொய் சொன்னதும் நான். ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். எல்லா வார்த்தையும் புரிந்தும், புரியாத வெளிநாட்டுக்காரன் மாதிரி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். லான் தலையைக் குனிந்து, "சரிங்க டாக்டர், தப்புதான் டாக்டர்" என்றாள்.

ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய், செத்த சதையை வெட்டி எடுத்து, புண்ணைக் கழுவிவிட்டார்கள். அந்தக் குழிக்குள் பஞ்சு மாதிரி ஒன்றை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளால் காற்றுப் போகாமல் ஒட்டி, ஒரு குழாயைச் செருகி, சின்ன மெஷினில் மாட்டினார்கள். கெட்ட நீரை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அடியிலிருந்து புதுச் சதை மேலே வரும். சதை வர வேண்டுமானால் முட்டை, மீன், கறி, பால் எல்லாம் உள்ளே போக வேண்டும். இந்த வாரத்துக்குள் சிவப்பாகச் சதை தெரியாவிட்டால், கிருமி உள்ளே போகும்வரை காத்திருக்க முடியாது, மூட்டைக் கழற்றுவது பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா.

லான் அன்று மத்தியானம் கொண்டுவந்தது கஞ்சி. தனியாக ஒரு கோப்பையில் பால்.

"முட்டை?" என்றேன்.

அவள் தமிழுக்கு மாறினாள். "நான் முட்டை குடுத்தேன், கால் கெட்டுப்போச்சு. நீங்க அப்படித்தானே சொன்னீங்க அக்காகிட்ட? மறுபடியும் நான் எப்படிக் குடுக்கறது?"

"அது சும்மா... அந்த நேரத்துக்கு..."

"அக்கா குடுன்னு சொல்லட்டும், குடுக்கறேன். காசு கட்டி ஆஸ்பத்திரிச் சாப்பாடு எழுதிக் குடுத்திருக்கேன், அது வரும். என் கையால கிடையாது."

ஆஸ்பத்திரிச் சாப்பாடு வந்தது. முட்டையும் பன்றிக்கறியும் இருந்தன. ஏற்றுகிற மருந்து வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்த நேரம், அந்த மூடியைத் திறந்தாலே குமட்டியது. இரண்டு வாய் உள்ளே போனால் மூன்று வாய் வெளியே வந்தது. லான் வாளியைப் பிடித்தாள், வாயைத் துடைத்தாள், விரிப்பை மாற்றினாள். ஒரு கைக்குழந்தையைப் போல என்னைத் திருப்பிப் போட்டு முதுகு துடைத்தாள். எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. அவள் கோபித்துக் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தொடத் தொட எனக்குத்தான் உடம்பு கூசியது.

அக்கா தினமும் கூப்பிட்டாள். "இப்ப முட்டை கொடுக்குறதில்லையே?" என்பாள். "இல்லக்கா" என்பேன். அது உண்மைதான். உண்மையைச் சொல்லும்போதும் வெட்கமாக இருந்தது அப்போது மட்டும்தான். பக்கத்துக் கட்டில் பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார் போல. லான் துணி அலசப் போன நேரத்தில், "பொண்டாட்டியைப் பகைச்சுக்கிட்டா தலைவலிகூடப் போகாது. உனக்கு முழங்கால் ஆறணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பஞ்சை மாற்றும் நாள் வந்தது. டாக்டரம்மா தாளை உரித்துப் பார்த்தார். குழி வெளிறிக் கிடந்தது. சிவப்பு இல்லை. "சாப்பிடுறாரா?" என்று லானிடம் கேட்டார். லான் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் என்னைக் காப்பாற்றவில்லை. "இல்ல டாக்டர்" என்றாள். "அப்படின்னா அடுத்த தடவை நான் பார்க்கும்போது மூட்டைக் கழற்றுகிற தேதியைத்தான் பேசுவேன்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

காலைப் பார்த்தேன். பயமும் வெட்கமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்ததில் கடைசியில் பயம் ஜெயித்தது. நான் நல்லவனாகித் திருந்திச் சொன்னேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. "அக்காவைக் கூப்பிடு" என்றேன் லானிடம். அவள் வழக்கம்போலப் போனைப் பிடித்தாள்.

அக்கா அடுப்படியில் இருந்தாள். "சொல்லுடா அப்பு, புண்ணு எப்படியிருக்கு?"

"அக்கா, முட்டை அவ கொடுக்கல."

"அதான் இப்பக் கொடுக்கலைன்னு நேத்தே சொன்னியே."

"எப்பவுமே கொடுக்கலக்கா. ஒண்ணுகூடக் கொடுக்கல. நான் பொய் சொன்னேன். நீ வேணாம்னதையும் திங்கல, அவ வேணாம்னதையும் திங்கல, வெறுங்கஞ்சிதான் குடிச்சேன். சத்தில்லாமத்தான் புண்ணு பிரிஞ்சிருச்சு. இப்ப முட்டை, மீனு எல்லாம் தின்னாத்தான் காலு நிக்குமாம்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "டாக்டரு சொன்னாத் திங்க வேண்டியதுதானடா. நான் என்ன டாக்டரா? எனக்குத் தெரிஞ்சதை நான் சொன்னேன்." பிறகு யோசித்தாள். "அப்ப ஏன்டா அவ கொடுத்தான்னு சொன்ன?"

"பயந்துட்டேன்க்கா."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்குப் பயந்துக்கிட்டு அந்தப் புள்ள தலையில போட்டியாக்கும்?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "எங்க அவ?"

"இங்கதான். போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா."

"இத்தனை நாளும் அவதான் பிடிச்சுக்கிட்டு நின்னாளா?"

"ஆமாக்கா."

"நான் தலையில அடிச்சுக்கிட்டேனே, அன்னைக்கும்?"

"அன்னைக்கும்தான்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போனைத் திருப்பச் சொல்லு" என்றாள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, லானே திருப்பிக்கொண்டாள். எனக்கு இப்போது போனின் முதுகுதான் தெரிந்தது. அக்காவின் குரல் மட்டும் கேட்டது, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி.

"நீ சாப்பிட்டியாம்மா?"

லானுக்குக் கண் நிறைந்து வழிந்தது. "இல்ல அக்கா" என்றாள். "இன்னும் சாப்பிடல."

சைகோனுக்கு வந்த நாளிலிருந்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சோறு போட்டுப் பிழைத்தவன் நான். என் கட்டிலுக்குக் கீழே பாயில் கிடந்தவள் என்ன தின்றாள், எப்போது தின்றாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் அவள் தூக்குச் சட்டி நிறைய அவித்த முட்டை கொண்டுவந்தாள். உப்பும் மிளகுத்தூளும் ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். முதல் முட்டையை உரித்து என்னிடம் நீட்டினாள்.

"முதல்ல நீ சாப்பிடு" என்றேன்.

"இப்பத்தான் சொல்லத் தெரிஞ்சுதா?" என்று தமிழில் கேட்டாள். கேட்டுவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த முட்டையை அவளே தின்றாள். அவள் தின்று முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.